வலையில் மாட்டிய பந்தி இலைகள்

செல்வி, பாபு, போன வாரம் நீங்கள் கேட்டீர்களே, "எல்லா மாஸ்டரும் பிளாஸ்டிக் எல போடறாங்க, நீ மட்டும் ஏன் நைனா ஒத்துக்க மாட்டேன்ற?" என்று. அப்போது ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாவது வரை படித்த உங்கள் அப்பன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்த காலம். பசியாவரத்தில் தேவராஜ் என்ற மீனவர் வீட்டுக் கல்யாணம். அது ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. அரிசி, அண்டா, விறகு எல்லாம் தோணியில்தான் போக வேண்டும். நான் வாழை இலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா வந்தார். மெட்ராசில் குடியேறியவர். கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சை நிறத்தில், நரம்புகூட அச்சடித்த பிளாஸ்டிக் இலைகள். ஓரத்தில் வெள்ளை ஸ்பூன்கள்.

"இன்னா மாஸ்டர், இன்னும் வாழ எலயத் தூக்கினு அலையற? இத்தப் பாரு. கிழியாது, வாடாது. மெட்ராஸ்ல இப்ப இதான்."

"வாழ எல வந்து எறங்கிட்ச்சி சார்."

"அத்த மாட்டுக்குப் போடு."

பெண்ணின் அப்பா தேவராஜ் சம்பந்தியை எதிர்த்துப் பேசவில்லை. பிளாஸ்டிக் இலையிலேயே பந்தி நடந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டவர் தன் இலையைத் தானே எடுத்துப்போய் ஏரியில் விட வேண்டும். மீனுக்கும் ஒரு பந்தி என்பார்கள். மிச்சச் சோற்றை மடவை மீன் குஞ்சுகள் தின்றுவிடும். இலை அழுகி அடியில் போய்விடும். அன்றைக்கும் எல்லோரும் அப்படியே கொண்டுபோய் விட்டார்கள். பார்க்கப் பச்சையாக இருந்தது, பேரும் இலை. வேறு மாதிரி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இனி வருவதைப் புரிந்துகொள்ள, பாடு என்ற முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல நீரோட்டம் உள்ள இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் ஊர் கூடி, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த நாள்தான் அவருடைய பாடு. கல்யாணத்தன்று பாடு அதே ஊர் மீனவர் ஏகாம்பரத்துக்கு. தை மாசம், இறால் ஓடுகிற சமயம். அதை விட்டால் மறுபடி அவர் முறை வருவதற்குள் இறால் ஓட்டம் முடிந்துவிடும். அந்த ஒரு நாளுக்காக மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வலையைச் சரிசெய்திருந்தார்.

மறுநாள் காலை நான் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் வலையை இழுத்துவந்து பந்தல் வாசலில் போட்டார்.

"தேவராஜு! என்னக் கூப்ட்டது பத்தாதுனு என் வலயவும் விருந்துக்குக் கூப்ட்டியா? பாரு, வயிறு முட்டத் தின்னுக்கீது!"

இலைகள் வலைக் கண்ணிமேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் உள்ளே புக வழியில்லாமல் வேகமாகத் தள்ளியதில், வலையைக் கட்ட ஊன்றிய கழிகள் பிடுங்கிக்கொண்டு, வலை நடுவில் கிழிந்திருந்தது. இறால் ஒன்றுகூட இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்தார். "தண்ணியில யாரு போடச் சொன்னது? குப்பத்தொட்டியில இல்ல போடணும்."

"எங்க ஊர்ல குப்பத்தொட்டி எங்க கீது? நீயே காட்டு சார், போய் அள்ளிப் போட்டு வரேன்" என்றார் ஏகாம்பரம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஏகாம்பரத்துக்கு இன்னொரு நாள் கொடுக்க முடியுமா என்பதுதான் பேச்சு. தலைவர் முடியாது என்றார். "உனக்கு ஒரு நாள் குடுத்தா பின்னால கீறவன் அத்தினி பேருக்கும் ஒரு நாள் தள்ளிப் போவும். அப்புறம் மொறைன்னு ஒண்ணு எதுக்கு? பாடு போச்சுன்னா போச்சுதான்."

ஏகாம்பரம் கிழிந்த வலையைச் சுருட்ட ஆரம்பித்தார். தேவராஜ் குனிந்து, கண்ணியில் சிக்கியிருந்த ஒரு ஸ்பூனை மெதுவாக எடுத்தார். அதைச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னிக்கி என் பாடு. என் வலய எடுத்துக்க ஏகாம்பரம். நீ போடு, நான் கூட வரேன். வர்றத ரெண்டா பிரிச்சிக்கலாம்."

"பொண்ணு கல்யாணம் பண்ணிக் கைய சுட்டுனு கீற. உனக்கே வேணுமேப்பா."

"கல்யாணத்துலதான இது ஆச்சு? வா, கழிய ஊனலாம்."

தன் முறையைத் தானே பங்கு போட்டுக்கொள்வதற்கு ஊரில் தடை இல்லை. இருவரும் வலையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனார்கள்.

நான் தோணியில் திரும்பும்போது ஒன்றை யோசித்தேன். சமையல்காரன் வேலை, சாப்பிட்டவர் எழுந்ததும் முடிந்துவிடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இலை என் கையைவிட்டுப் போன பிறகு எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. பரிமாறுகிற பொருளை ருசி பார்ப்பது போல, அது போகிற வழியையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் இது பொருந்தும்.

சில மாதம் கழித்து அதே பெண்ணுக்கு, அதே ஊரில் சீமந்தம். வாழை இலை போட்டாயிற்று. இனிப்புக்குக் கிண்ணமும் ஸ்பூனும் வேண்டும் என்று மெட்ராசிலிருந்து மறுபடி சொல்லி அனுப்பினார்கள். பிளாஸ்டிக் இல்லாமல் கிண்ணத்துக்கு என்ன வழி என்று யோசித்தேன். எங்கள் தெருவில் பாத்திமா அக்கா அச்சு முறுக்கு சுடுவார். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டால் முறுக்கு கழன்று வரும் அல்லவா? அதையே குழிக்கரண்டியை வைத்துச் செய்து பார்த்தேன். முதலில் ஒட்டிக்கொண்டு உடைந்தது. கரண்டியை எண்ணெயிலேயே நன்றாகக் காயவைத்து, அடிப்பக்கம் மட்டும் அரிசி மாவில் தோய்த்து மறுபடி எண்ணெயில் விட்டபோது சின்னக் கிண்ணமாகக் கழன்று வந்தது. பாயசம் ஊற்றினால் ஊறிவிடும். அதனால் கேசரி வைத்தேன், ஸ்பூனும் தேவைப்படவில்லை.

ஏகாம்பரம் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். கேசரியைத் தின்று, கிண்ணத்தையும் கடித்துத் தின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் மாஸ்டர், கிண்ணத்தயும் தின்னுட்டேன். ஏரிக்கி இன்னாத்தக் கொண்டுபோய்க் குடுக்கறது?"

பந்தியே சிரித்தது.

எல்லோரும் போன பிறகு, மிஞ்சிய ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கரைக்குப் போனேன். தண்ணீரில் விட்டேன். ஓரம் மெதுவாக இளகியது. மடவைக் குஞ்சுகள் வந்து கொத்தின. கிண்ணம் கரைந்த பிறகும், பொரித்த எண்ணெய் மட்டும் சின்ன வட்டமாக மினுங்கிக்கொண்டு மிதந்தது. கரண்டியால் அதை அலுங்காமல் மொண்டு, கரை மணலில் ஊற்றிவிட்டு வந்தேன்.