அடேலின் நாக்கு

எங்கள் மோத்தியே ஊரில் அடேல் பார்லேவின் நாக்குக்குப் பயப்படாத ஆள் கிடையாது. திட்டிவிடுவாள் என்ற பயம் மட்டும் அல்ல. ருசி பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான் பெரிது.

அப்சிந்த் என்ற சோம்புச் சாராயத்தை அரசாங்கம் தடை செய்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் என்ன, இந்தப் பள்ளத்தாக்கில் முக்கால்வாசி வீட்டின் சலவை அறையில் அதை வடிக்கும் ஒரு செம்பு வாலை ஒளிந்திருக்கிறது. பிடிபட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பாட்டிலில் யாரும் சீட்டு ஒட்டமாட்டோம். எல்லாம் மொட்டைப் பாட்டில். எந்த வருஷத்துச் சரக்கு, தேறுமா தேறாதா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். கல்யாணமோ சாவோ வந்தால், வருகிறவர்களுக்கு எதை ஊற்றுவது என்று கேட்க, ஆளாளுக்கு இரண்டு மூன்று பாட்டிலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு அடேல் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஒரு தடவை ஊர்ப் போலீஸ்காரனே தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மகள் கல்யாணத்துக்காக வந்து நின்றான். அடேல் ஒரு வாய் குடித்தாள்.

"யாரு வடிச்சது இது?"

"என் மச்சான்."

"அவனப் பிடிச்சு உள்ள போடு. சட்டத்துக்காக இல்ல, இந்த ருசிக்காக."

மாட்டுக்காரன் மகள் அவள். கடிகாரத் தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஓய்வு பெறும்வரை கடிகாரங்களுக்கு முள் பொருத்தினாள். பிள்ளை இல்லை. புருஷன் யூலிஸ் அதே தொழிற்சாலையில் முலாம் பூசும் தொட்டியில் வேலை பார்த்தவன். அந்த அமிலப் புகையில் வாலிபத்திலேயே அவன் மூக்கு செத்துப் போயிற்று. மாசிபத்திரியும் சோம்பும் ஊறப்போடுவான், தீ மூட்டுவான், பாத்திரம் தூக்குவான். வடிவதில் எதுவரை பிடிக்கலாம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கடைசி வடியில் நனைந்த நாய் நாற்றம் வரும், அது சேர்ந்தால் முழுச் சரக்கும் பாழ். அடேல் குழாயடியில் நின்று சொட்டுச் சொட்டாக நக்கிப் பார்த்து, "நிறுத்து" என்பாள். அவன் நிறுத்துவான். ஊரெல்லாம் அதை 'யூலிஸ் சரக்கு' என்று புகழ்ந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவளோ ஒரு நாளும் வாய் திறந்து திருத்தியதில்லை.

அப்புறம் வயிற்றில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், மறுபடியும் ஏற்றினார்கள், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஒரே பிடிவாதம்.

"என் சாவுக்கு நான்தான் பாட்டில் பாத்து வைப்பேன். இவன்கிட்ட விட்டா மண்ணெண்ணெய ஊத்திக் கொடுத்துடுவான்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன்; யூலிஸ் சமையலறை மேஜையில் மூன்று பாட்டில்களை வைத்தான். ஒன்று போன வருஷத்துச் சரக்கு, ஒன்று இந்த வசந்தத்தில் வடித்தது, இன்னொன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வடித்தது என்றான். குழாய்த் தண்ணீர் ஆகாது என்பதால் ஜாடியை எடுத்துக்கொண்டு தெருமுனை ஊற்றுக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அடேல் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒடில், எனக்கு ருசி போயிடுச்சுடீ."

"என்ன சொல்ற?"

"மருந்து ஏத்துனதுலேர்ந்தே. ரொட்டியும் சோப்பும் எனக்கு ஒண்ணுதான் இப்ப. அவனுக்குத் தெரியக் கூடாது. என் நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா, நான் போறதுக்கு முன்னாடியே அவன் இடிஞ்சு உக்காந்துடுவான். நீயும் குடிச்சுப் பாரு. எது நல்லா இருக்கோ அதுக்கு என் கால மிதி."

"உன் அளவுக்கு எனக்கு எங்க தெரியும்?"

"நாய் நாத்தம் அடிச்சா தெரியுமில்ல? அது போதும்."

யூலிஸ் வந்தான். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு விரல் அளவு ஊற்றி, நூல்போலத் தண்ணீர் விட்டான். மூன்று கிண்ணமும் பால் நிறமாயின. அடேல் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குடித்து, மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள்.

முதல் கிண்ணம் அருமை. சோம்பு முன்னால் வந்தது, நாக்கின் அடியில் சுத்தமான கசப்பு நின்றது. இரண்டாவதைக் குடித்தேன். அதேதான். மூன்றாவது? அதுவும் அதேதான். மறுபடி முதலாவதற்குப் போனேன். சந்தேகமே இல்லை, மூன்றும் ஒரே நாள் வடித்த ஒரே சரக்கு.

நிமிர்ந்து யூலிஸைப் பார்த்தேன். ஏற்கெனவே துடைத்த ஜாடியையே மறுபடியும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் விளங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் திரிந்த பால் ஊற்றிய காப்பியை அடிவரை குடித்தாள். நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். எழுந்து போய், அவளுக்குத் தெரியாமல் மிச்சப் பாலைக் கொட்டிவிட்டு வந்தான். அவனுக்குத் தெரியும். அவள் விரல் எந்தப் பாட்டிலைத் தொட்டாலும் அது தப்பாகிவிடக் கூடாது என்று, அவள் இருந்து வடித்த வசந்தத்துச் சரக்கையே மூன்றிலும் நிரப்பி வைத்திருக்கிறான், பாவி.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் நடுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது அவள் காலை மிதித்தேன்.

அடேல் தொண்டையைச் செருமினாள். "மொதல்ல இருக்கே, சோம்பு தூக்கல். கல்யாண வீட்டுக்கு ஆகும், சாவு வீட்டுக்கு ஆகாது. மூணாவது, ஏன்யா, நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப வடிச்சியே, அதானே?"

"அதான்," என்றான் யூலிஸ்.

"கடைசி வடி உள்ள போயிருக்கு. நிறுத்துன்னு சொல்ல நான் இல்லேன்னா உனக்கு நிறுத்தவே தெரியாதா?"

"கொஞ்சம் விட்டுட்டேன்."

"கொஞ்சமா?"

"நெறையத்தான்," என்று தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் நீர், முகத்திலோ அப்படி ஒரு மகிழ்ச்சி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பெண்டாட்டியிடம் ஒழுங்காகத் திட்டு வாங்குகிறான் அல்லவா.

"நடுவுல இருக்கு பாரு, இதான்," என்று அடேல் பாட்டிலின் கழுத்தைத் தட்டினாள். "இத ஊத்து. என் மானத்த வாங்காத."

முதல் பனி விழுவதற்குள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். சாஸேஜும் சீஸும் ரொட்டியும் வைத்தோம். பாஸ்டர் வந்திருந்தார், போலீஸ்காரனும் வந்திருந்தான். யூலிஸ் நடுப் பாட்டிலைத் திறந்து தன் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றினான். போலீஸ்காரன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அவ பொறுக்குனதுன்னா சும்மாவா," என்று மூக்கை உறிஞ்சினான்.

கூட்டம் அதிகம். பாட்டில் சீக்கிரம் காலியாயிற்று. எனக்குத்தான் விஷயம் தெரியுமே, அலமாரியிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். யூலிஸ் சமையலறை வாசலிலேயே மறித்தான்.

"அது வேணாம், ஒடில்."

"வெளிய இன்னும் பத்துப் பேருக்கு ஊத்தல, யூலிஸ்."

"ஒண்ணுல சோம்பு தூக்கல். இன்னொண்ணுல கடைசி வடி கலந்திருக்கு."

அவன் கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. குரலைத் தாழ்த்தி, "யூலிஸ், மூணும்…" என்று ஆரம்பித்தேன்.

"அவ சொல்லிட்டா," என்றான்.

என் கையிலிருந்து இரண்டையும் வாங்கி, மூடியைத் திருகி, கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். எங்கள் பள்ளத்தாக்கில் நல்ல சரக்கைக் கொட்டியவன் யாரும் இல்லை. வீடு முழுவதும் சோம்பு வாசனை ஏறியது, கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு எந்த வாசனையும் தெரியாது. கடைசிச் சொட்டுவரை பிடித்துக்கொண்டே நின்றான். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.