ஆஷாடத்துக்கும் ஆடிக்கும் நடுவே நாலு வாரம்

ஒருத்தியை வீட்டுக்குள் பூட்டி வைத்தவர்கள்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, அவள் வெளியே வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்தான் சட்டம் அவகாசம் தருகிறது. அதே வீட்டில் அவளுக்குத் தராமல் விட்ட சம்பளத்தைக் கேட்க மூன்று வருஷம் உண்டு. இதை முதல் தடவை கேட்டபோது வக்கீல் மேடத்தோடு சண்டைக்கே போய்விட்டேன். ஒரு மனுஷியை அடைத்து வைத்தது பெரிதா, அவள் சம்பளத்தை அமுக்கியது பெரிதா? மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சட்டம் நான் எழுதல. எழுதினவங்களும் இப்போ இல்ல. நீ டைப் பண்ணும்மா" என்றார்.

என் வேலை அதுதான். பெங்களூர் கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருக்கும் அந்த வக்கீல் ஆபீசில் தமிழ் பேசும் கட்சிக்காரர்களின் கதையைக் கேட்டு, ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மாற்றி டைப் அடிப்பேன். மேடத்துக்குத் தாய்மொழி கன்னடம், தமிழ் நன்றாகப் புரியும். நான் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடித்தாலும் எனக்கே தெரியாது. சம்பளம் சுமார்தான். ஆனாலும் பதினோரு வருஷமாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கக் காரணம் என் மூக்கு. அடுத்தவர் விஷயத்தில் நுழைப்பதற்கு மாதச் சம்பளமும் தரும் வேலை வேறு எங்கே கிடைக்கும்?

அந்தப் பெண் வந்தது ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில். இருபத்தாறு வயது இருக்கும். பொம்மனஹள்ளியில் சித்தி மகள் வீட்டில் தங்கி ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்துகொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். துணிக்கடையில் வேலை என்று சொல்லி, தெரிந்த பெண்மணி ஒருத்தி பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறாள். கொண்டுவந்து விட்டதோ ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு அடுக்குமாடி வீட்டில். இவளை ஒப்படைத்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டுதான் அந்தப் பெண்மணி போனாள் என்பதே இவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். சமையல், துணி, பாத்திரம், குழந்தை, எல்லாம் இவள். வீட்டார் வெளியே கிளம்பினால் இவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். இப்படி ஒன்றே முக்கால் வருஷம்.

"எப்படி வெளிய வந்தே?" என்று கேட்டேன்.

"ஒருநாள் அந்தம்மா பூட்டாம போயிட்டாங்கக்கா. கதவத் தொட்டேன், தொறந்துக்குச்சு. பத்து நிமிசம் அப்டியே நின்னேன்."

"ஏன்?"

"என்னைய சோதிச்சுப் பாக்குறாங்களோன்னு நெனச்சேன்."

டைப் அடிக்கும் கை நின்றுவிட்டது. இந்த வேலையில் அழுகை எல்லாம் பழகிப்போகும் என்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டுக்காரியைப் போய் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று கோபம்தான் வந்தது.

அப்புறம் படி இறங்கி, தெரு தெருவாக நடந்து, ஒரு அம்மன் கோயில் வாசலில் போய் நின்றிருக்கிறாள். அங்கே கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் போனை வாங்கிச் சித்தி மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். போலீசுக்குப் போகத் தைரியம் வர ஏழு மாதம் ஆயிற்று. புகாரில் அவள் வெளியே வந்த தேதியே இல்லை. இதையெல்லாம் டைப் அடித்தேன், கூழைத் தவிர. கோர்ட்டுக்குக் கூழ் எதற்கு என்று நினைத்தேன். கட்சிக்காரர் சொல்வதில் வேண்டாததை வடிகட்டுவதுதான் என் திறமை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

மேடம் அவளுக்கு வழிகளைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இப்படி ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டவர்களுக்கு அரசாங்கமே நஷ்டஈடு தரும் திட்டம் இருக்கிறது, அதற்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கவேண்டும். போலீஸ் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது இல்லாமல், அந்த வீட்டார்மேல் நேரடியாக சிவில் வழக்கும் போடலாம். கையில் காசில்லாதவர் கோர்ட் கட்டணம் இல்லாமல் போடவும் வழி உண்டு. ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்கக் கூடாது என்று இல்லை.

"பூட்டுனதுக்குக் கேக்கலாமாக்கா?" என்றாள் அவள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"கேக்கலாம். ஆனா அதுக்கு ஒரு வருஷந்தான். வெளிய வந்தது எந்தத் தேதி?"

"தேதி தெரியாதுக்கா. ஆடி கடைசி வெள்ளி."

சுவரில் நகைக்கடை கொடுத்த கன்னடக் காலண்டர் தொங்கியது. மேடம் பழைய காலண்டர்களைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்திருப்பார். போன வருஷத்தை எடுத்து விரித்தேன். கட்சிக்காரர்கள் தை, மாசி என்று சொன்னால் அதைத் தேதியாக மாற்றுவது பதினோரு வருஷமாக என் பொறுப்பு. ஆடிக்குக் கன்னடத்தில் ஆஷாடம். அதன் கடைசி வெள்ளியில் விரலை வைத்தேன். ஜூலை நடுவில் வந்தது. ஒரு வருஷம் முடிந்து மூன்று வாரம் ஓடிவிட்டது.

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். வழக்குப் போடுவதிலேயே தாமதம் என்றால் அதை மன்னிக்க நீதிபதிக்குக்கூட அதிகாரம் கிடையாது. இதை அவளுக்குச் சொல்லவேண்டியது நான். சொன்னேன். சம்பளம் கேட்கலாம், அரசாங்க நஷ்டஈடும் கேட்கலாம், பூட்டியதற்கு மட்டும் முடியாது என்றேன்.

 "அப்ப நான் வேலை செஞ்சேன், அவங்க சம்பளம் குடுக்கல, அவ்ளோதானாக்கா நடந்தது?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கீழே போனது.

சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெரு முனை மாரியம்மன் கோயிலில் பந்தல் போட்டு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல இருந்து இன்னும் கேவுரு மாவு வரல. அடுத்த வாரம் கடைசி வெள்ளி, கூழ் ஊத்தணும். மறந்துடாத, ஆமா."

"சரிக்கா" என்று நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றேன். கடைசி வெள்ளி அடுத்த வாரமா? ஆஷாடம் முடிந்துதான் துணிக்கடைக்காரர்கள் தள்ளுபடி போர்டைக் கழற்றிவிட்டார்களே?

வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டும் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆஷாடத்தில் கன்னடச் சிநேகிதிகள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆடியில் நாங்களும் வைக்க மாட்டோம். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை விசேஷம், எங்களுக்கும் விசேஷம். வீட்டில் ஆடி எப்போது என்பதைக் கோயில் மைக் சொல்லிவிடும். ஆபீசில் சுவர்க் காலண்டர் சொல்லும். இரண்டும் ஒரே நாளில்தான் வருகிறதா என்று, ஊரில் உள்ள எல்லாவற்றையும் நோண்டும் நான், இதை மட்டும் ஒருநாளும் நோண்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் போனில் போன வருஷத்துத் தமிழ் காலண்டரைத் தேடிப் பிடித்தேன். கன்னட மாதம் அமாவாசைக் கணக்கில் ஓடுகிறது. தமிழ் மாதம் சூரியன் கணக்கு. போன வருஷம் ஆஷாடம் முடிந்த பிறகுதான் ஆடி சரியாக ஆரம்பித்திருக்கிறது. ஆடியின் கடைசி வெள்ளி ஆகஸ்டில். இரண்டு வெள்ளிக்கும் நடுவே நாலு வாரம். அவளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

உடனே அவளைக் கூப்பிட்டேன். "நீ கூழ் குடிச்சேன்னு சொன்னியே, நெஜமாவே கூழா?"

"கேவுரு கூழுக்கா. ஏன்?" கேட்பவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற குரல்.

கூழ் ஊற்றுவது எங்கள் ஆடி. கன்னடக்காரர் ஆஷாடத்தில் அது கிடையாது. ஆனால் என் ஞானோதயத்தைக் கோர்ட் நம்பாது, காகிதம் வேண்டும். மறுநாள் அவளும் நானும் அந்தக் கோயிலைத் தேடிப் போனோம். வெளியே வந்ததற்குப் பிறகு அந்தப் பக்கமே அவள் வந்ததில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் என் முழங்கையைப் பிடித்தவள் கோயில் வரும்வரை விடவில்லை. கொஞ்சம் தள்ளி உயரமாகத் தெரிந்த அந்த அடுக்குமாடியை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

கோயில் கமிட்டிக்காரரிடம் போன வருஷத்து விழா நோட்டீஸ் கேட்டோம். "கட்டு கட்டா கெடக்குதும்மா, குங்குமம் மடிக்கத்தான் வெச்சிருக்கோம்" என்று ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய துண்டுகள். தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கிளறினோம். வெட்டாத நோட்டீஸ் ஒன்று அடியில் அகப்பட்டது. ஆடி கடைசி வெள்ளி, கூழ் வார்த்தல், பக்கத்திலேயே ஆங்கிலத் தேதி. அவள் அதைக் கையில் வாங்கி, தேதியின் மேல் விரலை வைத்து, "இந்த நாளா?" என்றாள். தன் பிறந்த தேதியை இப்போதுதான் யாரோ சொன்னதுபோல அப்படி ஒரு ஆச்சரியம் முகத்தில்.

மேடம் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டிக்கொண்டே மனுவை எழுதச் சொன்னார். இந்தத் தடவை கூழ், சொம்பு, போன் கொடுத்த அம்மா, ஒன்றையும் விடாமல் ஏற்றினேன். திறந்த கதவுக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றதையும் ஏற்றினேன். எதிர்த்தரப்பு இதையெல்லாம் பொய் என்பார்கள், வருஷக்கணக்கில் இழுப்பார்கள் என்று மேடம் அவளை எச்சரித்தார். "இழுக்கட்டும். நான் இங்கதான இருக்கப்போறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை தாக்கல் செய்தோம். அரசாங்க நஷ்டஈட்டு மனுவும் தனியாகப் போயிற்று.

அன்று கோர்ட் வாசலில் காபி குடித்தோம். எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் மட்டும் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து என் பெருமையை நானே அளந்துகொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு."

"இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது நாள் தாண்டிப் போச்சுன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கீங்களா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை ஆபீசுக்குப் போய், நாங்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்ட வழக்குகளின் கோப்புகளை இறக்கினேன். மூன்றாவது கோப்பிலேயே ஒருத்தி மார்கழி முதல் வாரத்தில் ஒரு பட்டறையிலிருந்து தப்பி வந்ததாகச் சொல்லியிருந்தாள். அதற்கு நேரே, என் கையெழுத்தில், கன்னட மார்கசிர மாதத்தின் முதல் வாரத் தேதி. அந்த வருஷம் தமிழ் மார்கழி அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் பிறந்திருக்கிறது. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், 'ஒரு வருஷம் கடந்து பன்னிரண்டு நாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அவள் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் சொன்னது.