முதுகில் கம்பி, நோட்டில் எட்டு

அடுத்தவர் வலிக்கு மார்க் போடுவது என் தொழில். முதுகுவலிக்காரர்களே, எனக்கும் முதுகு வலிக்கும் என்பதால் மன்னித்துவிடுங்கள்.

தண்டுவடத்தின் அருகே மெல்லிய கம்பியைச் செருகி லேசாக மின்சாரம் கொடுத்தால் தீராத வலியும் மங்கும். புதுக் கம்பிகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு வாரத்தில் வலி பாதியாவது குறைந்தால் நிரந்தரமாக வைப்பார்கள்; இல்லாவிட்டால் உருவிவிடுவார்கள். திருமழிசைப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டிய ஏகாம்பரத்துக்கு இதுதான் கடைசி வழி. மூன்று வருஷமாகச் செருப்பைக்கூட மனைவி மல்லிகாதான் மாட்டிவிடுகிறார்.

குப்புறப் படுத்தும் மரியாதை

டாக்டர் கம்பியைச் செருகும்போது நோயாளி விழித்திருக்க வேண்டும். கம்பியோடு இணைத்த சின்னப் பெட்டியில் நான் கரண்ட்டைக் கூட்டி, "எங்கே சுரசுரன்னு இருக்கு?" என்று கேட்பேன். வலிக்கிற காலில் சுரசுரத்தால் இடம் சரி. ஏகாம்பரம் எல்லாவற்றுக்கும் "நல்லா கீது சார்" என்றார். சந்தேகம் வந்து பெட்டியை அணைத்துவிட்டுக் கேட்டேன். அப்போதும் நல்லா இருந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனை 'நல்லா கீது'களை நம்பி எழுதியிருப்பேனோ! "பெட்டியே ஓடலைங்க" என்றேன். குப்புறக் கிடந்தபடியே சொன்னார்:

"நீங்களும் காத்தாலேர்ந்து நின்னுகினே கீறீங்க, பாவம். இல்லேன்னு எப்டி சார் சொல்றது?"

மல்லிகாவின் நோட்டு

அதன்பிறகு உண்மையைச் சொன்னார்; கம்பியும் சரியான இடத்தில் உட்கார்ந்தது. தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொல்லி நோட்டு கொடுத்து, பெட்டியை இடுப்பில் மாட்டி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனால் ஏகாம்பரம் வாசலில் குந்தி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டிலோ எட்டு, எட்டு, எட்டு. இப்படியே போனால் வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை டாக்டர் கம்பியை உருவிவிடுவார். "அவரு ரெண்டுன்னுதான் சொன்னாரு" என்றார் மல்லிகா. பிறகு ஏன் எட்டு என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"நல்லாயிட்டாருன்னு எழுதி வச்சா கண்ணு பட்டுடாதா சார்?"

மாங்காட்டில் ஒரு சுற்று

குனியாதீர்கள், திரும்பாதீர்கள், கம்பி நகர்ந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சைக்கிளைப் பார்த்த அன்று மறுபடியும் சொன்னேன். வியாழக்கிழமை மல்லிகா போன் செய்தார்: காலில் வந்த சுரசுரப்பு இப்போது வயிற்றில் வருகிறதாம்.

விசாரித்தால், வலி தீர்ந்தால் மாங்காடு அம்மனுக்கு அங்கப்பிரதட்சணம் செய்வதாக வேண்டுதலாம். வலி தீர்ந்தது, உருண்டுவிட்டார். ஈரம் படாமலிருக்க முதுகில் பாலித்தீன் கவர். பெட்டியை வயிற்றோடு துண்டால் கட்டி, அதன் மேலேயே உருண்டிருக்கிறார்.

மறுநாள் எக்ஸ்ரேயில் கம்பி இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. நல்லவேளை, புண் காய்ந்திருந்தது. என் கையில் மரியாதைக்குச் சொன்னதும் திருஷ்டிக்கு எழுதியதும்தான் இருந்தன. எதை ரிசல்ட் என்று நீட்டுவது? நடந்ததை அப்படியே சொன்னேன்.

டாக்டர் ஏகாம்பரத்தைக் கேட்டார்: "முழுச் சுற்றா?"

"நடுவுல நிக்கவே இல்ல சார்."

டாக்டர் நோட்டை மூடினார். "செருப்பு மாட்ட முடியாத ஆள் கோயிலைச் சுற்றி உருண்டிருக்கார். நிரந்தரமா வச்சுடலாம்."

மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகாம்பரம் மட்டும் என் பக்கம் சாய்ந்தார்:

"நிரந்தரமா வச்சா மூணு சுத்துன்னு வேண்டிகினு கீறேன் சார்."

இத்தனைக்கும் பிறகு, என் முதுகு எப்படி இருக்கிறது என்று அதே டாக்டர் கேட்டபோது, பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாரே என்று, "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.