ஐந்தாவது சனிக்கிழமை

திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர் நான். சனிக்கிழமைதான் எங்களுக்குச் சம்பளம். வாடகை, மளிகை, சீட்டு எல்லாம் நான்கு வாரச் சம்பளத்தில் அடங்கிவிடும். மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமை வந்தால், அந்தப் பணம் எனக்குச் சும்மா வந்த பணம். கறி, சினிமா, கூட்டாளிகளோடு குடி என்று ஞாயிற்றுக்கிழமை சாய்வதற்குள் கரைத்துவிடுவேன்.

"ஒரு பட்ஜெட் போட்டு, அந்த வாரப் பணத்தயாச்சும் புள்ள காலேஜுக்கு எடுத்து வெக்கலாமுங்க" என்பாள் மனைவி.

"கணக்குப் பார்த்துத் திங்கறதுக்கா நான் உழைக்கறேன்?" என்று எரிந்து விழுவேன்.

மகள் பிளஸ் டூவும் மகன் எட்டாவதும் முடித்த கோடையில், ஆர்டர் இல்லாமல் கம்பெனியைப் பூட்டினார்கள். கல்லூரிக்குக் கட்டக் கையில் எதுவும் இல்லை. கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை.

"வேற கம்பெனில தச்ச துணிய செக்கிங் பண்ண ஆள் எடுக்கறாங்கப்பா. நான் போறனுங்க."

நான் தடுக்கவில்லை.

எனக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. அவள் கல்லூரிக்குப் போகவே இல்லை. சென்ற மாதம் ஐந்து சனிக்கிழமை. கடைசி வாரம் தன் சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்தபடி மகள் சொல்வது கேட்டது.

"இது தம்பி படிப்புக்குங்கம்மா. அப்பா கண்ணுல படாம வெச்சிருங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவள் சொன்னது சரிதான் என்பதால் உள்ளே போகவில்லை.