குத்தகை நேரம்

மடவளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடியின் அக்ரிமெண்ட் அந்த மாசத்தோடு முடிய இருந்தது. கீழே வீட்டுக்காரி, மேலே நானும் என் கணவரும். இவருக்குக் கண்டியில் அரசாங்கக் கந்தோரில் வேலை, நான் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, வீடு வீடாகச் சாமான் கட்டி அலுத்துப்போய், கடைசியில் மனதுக்குப் பிடித்து அமைந்த வீடு அது. அதை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பம் இல்லை.

வீட்டுக்காரி கணவரை இழந்தவர். அக்கா என்பதற்கு ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே மகன், கட்டாரில் வேலை. நோன்பு நேரத்தில் ஒருநாள் கஞ்சி கொண்டுவந்து தந்தவர், மகன் வரப்போகிறான், மேல்மாடிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்ரிமெண்ட் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மகனுக்குத்தான் மேல்மாடி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கேட்டால் போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. இவருடையது பயமில்லை, சோம்பல்.

இந்த லட்சணத்தில்தான் வைஃபை கதை தொடங்கியது. நாங்கள் குடிவர முன்னம், மகன் போனமுறை வந்தபோது கீழ் முன்னறையில் ரவுட்டர் பூட்டி, அதிலிருந்து ஒரு வயரைச் சுவருக்குள்ளால் மேல்மாடிக்கும் இழுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களையும் பாவிக்கச் சொல்லி ராத்தா தாராளமாகச் சொல்லியிருந்தார். ஆனால் கொங்கிரீட் தட்டைத் தாண்டி சிக்னல் மேலே வராது. பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு எடுக்க நான் நடுப் படிக்கட்டில் போய் இருப்பேன். ராத்தா வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் இருபடிச் சமன்பாடுகளைத் தாண்டித்தான் உள்ளே போவார்கள். என்ன சீவியம் இது என்று ஒருநாள் இவரைப் பிடித்து ஏசினேன்.

அடுத்த நாளே இவர் கந்தோரில் யாரோ கழித்துவிட்ட பழைய ரவுட்டர் ஒன்றோடு வந்தார். சுவரில் கிடக்கிற வயரை அதில் குத்தினால் மேலேயும் வைஃபை வருமாம். ஒன்றும் மாற்றியமைக்கத் தேவையில்லையோ என்று கேட்டேன். கணக்கு ரீச்சருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்பது போல ஒரு பார்வை. குத்தினார். பச்சை லைட் எரிந்தது. என் போனில் சிக்னல் முழுதாக நின்றது. சந்தோசத்தில் நான் பிளேன்ரீ ஊற்றப் போனேன்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் நின்றது. சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்குதில்லை. கீழே ராத்தாவின் டீவியில் ஓடிக்கொண்டிருந்த பயான் பிரசங்கமும் பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் பகீர் என்றது. நாங்கள் மேலே ஒரு பெட்டியைப் பூட்டினால் கீழே ஏன் நிற்க வேண்டும்? கழற்றுங்கோ என்றேன். இவர் வயரைப் பிடுங்கினார். பிடுங்கியும் கீழே சத்தம் வரவில்லை. திரும்பக் குத்தினார். வரவில்லை. இவரின் முகத்திலிருந்த கெட்டித்தனம் மெல்ல மெல்லக் கழன்றது.

அன்று வியாழக்கிழமை. அங்கே வெள்ளி விடுமுறை என்பதால் மகன் வியாழன் பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகுதான் ஆறுதலாகப் பேசுவார். ராத்தா தொழுதுவிட்டு, சுடுதண்ணிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். மாசக் கடைசி வேறு. இந்த நேரம் பார்த்து மகனின் கோலையும் நாங்கள் கெடுத்தால், போகச் சொல்வதற்கு அவருக்கு வேறு காரணம் தேவையில்லை.

பெட்டியின் செட்டிங் பக்கத்தை என் போனில் திறந்தேன். என் போன் முழுக்கத் தமிழில் இருக்கும். அதனால் அது கேட்காமலே அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்துத் தந்தது. நான் பேசுவது ஒரு தமிழ், ராத்தா பேசுவது இன்னொரு தமிழ். இரண்டும் சேராத மூன்றாவது தமிழ் ஒன்று அதில் கிடந்தது. நுழைவாயில் என்றது. பாலம் என்றது. விருந்தாளிகளை அனுமதிக்கவா என்றது. நான் பிறந்ததிலிருந்து தமிழ் வாசிக்கிறேன், எனக்கு ஒரு வரி விளங்கவில்லை. என்ன கோதாரி இது என்று நான் வாய்விட்டுச் சொல்லும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ராத்தா போனோடு வாசலில் நின்றார். வைஃபை இருக்கிறது என்று காட்டுகிறதாம், மகனின் கோல் மட்டும் வருதில்லையாம். நான் உண்மையைச் சொல்லி, கதிரையை இழுத்துப்போட்டு அவரை இருத்தினேன். இவருடைய போனில் டேட்டா இருந்தது. அதில் மகனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி லவுட்ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம்.

மகன் கோபப்படவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெட்டிதான் எல்லாப் போனுக்கும் முகவரி கொடுக்க வேண்டுமாம். இப்போது இரண்டும் கொடுக்கின்றனவாம். எங்கள் பெட்டி எல்லோரையும் தன் வாசலுக்கு வரச் சொல்லுகிறது, அந்த வாசலுக்குப் பின்னால் பாதை இல்லை. ஒருமுறை வாங்கிய முகவரியைப் போன் கொஞ்ச நேரம் விடாது, அதனால்தான் வயரைப் பிடுங்கியும் சரிவரவில்லை. எங்கள் பெட்டி முகவரி கொடுப்பதை நிறுத்தினால் எல்லாம் சரி என்றார். சொல்லும்போது விளங்கியது. பக்கத்தைப் பார்த்ததும் விளங்கியதெல்லாம் போய்விட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார்.

போனுக்குக் கேட்கட்டும் என்று வகுப்பில் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"குத்தகை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் கிடக்கு எண்டு போட்டிருக்கு. விடுறதோ, வச்சிருக்கிறதோ?"

ராத்தா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"அத இப்பயா கேக்குற, டீச்சர்?" என்றார். "நீங்க அக்ரிமெண்டப் பத்திக் கேக்காததுலயே போக யோசிக்கிற எண்டு எனக்குத் தெரியும். நான் கேட்டா போறோம் எண்டு செல்லிடுவீங்க. அந்தப் பயத்துலதான் வாயத் தொறக்காம ஈந்தேன்."

நான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன். யார் போவது? எங்கே போவது? இது போனில் இருக்கிற குத்தகை ராத்தா, வீட்டுக் குத்தகை இல்லை என்றேன். போனுக்கு எதற்குக் குத்தகை என்று அவர் கேட்டார். பெட்டி கொடுத்த முகவரியைப் போன் கொஞ்ச நேரம் வைத்திருப்பதைத்தான் அப்படிச் சொல்லுகிறது போல என்றேன். மகன் வரப்போவதாகச் சொன்னீர்களே, மேல்மாடி அவருக்குத்தானே என்று கடைசியில் வாய்தடுமாறிக் கேட்டேவிட்டேன்.

"அவன் ஒவ்வொரு நோம்புக்கும்தான் வார எண்டு செல்லுவான்" என்றார் ராத்தா. "மேலுக்குப் பெயிண்ட் அடிக்கணும் எண்டுதான் நான் சென்ன. அவன் வரமாட்டான், டீச்சர். மேல நீங்க ரெண்டு பேரும் நடக்குற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது. நீங்களும் போனா இந்த ஊட்டுல எனக்கு ஆரு ஈக்கி?"

மேசையில் போன் திறந்தபடியே கிடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று இவர் குனிந்து பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"உம்மா" என்றார் மகன். பிறகு, முகவரி என்று இருக்கிற வரிக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானை ஓஃப் பண்ணச் சொன்னார். பண்ணினேன். சேமி என்பதை அமத்தச் சொன்னார். அமத்தினேன். பெட்டி அணைந்து திரும்ப எரிந்தது. ராத்தாவின் போனில் வைஃபையை ஒருமுறை நிற்பாட்டிப் போட்டதும் வந்து குவிந்த மெசேஜ்களில் அது மணி அடித்தபடியே இருந்தது. கீழே பயான் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

மேல்மாடி வைஃபைக்குப் பெயர் வைப்பது மட்டும் மிச்சம். கீழே உள்ளதற்கு மகன் தன் பெயரைத்தான் வைத்திருந்தார். மேலே உள்ளதற்கு எங்களுக்குப் பிடித்த பெயர் எதையாவது போடச் சொன்னார். நான் யோசிப்பதற்குள் ராத்தா முந்திக்கொண்டார்.

"வேற பேரு வாணாம். மேலயும் அவன்ட பேரே ஈக்கட்டும்."

நான் ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பெயரை அடித்தேன்.

புது அக்ரிமெண்டில் அடுத்த கிழமையே கையெழுத்து வைத்தோம். பெயிண்டும் அடித்தாயிற்று. இப்போது நான் படிக்கட்டில் இருப்பதில்லை, மேலே ஜன்னலோரம் மேசை போட்டு வகுப்பு எடுக்கிறேன். வெளியே போய் வந்து கேற்றைத் திறந்தவுடன் என் போன் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, இணைந்துவிட்டது என்று சொல்லும். முன்னறை, படிக்கட்டு, குசினி, எங்கள் கட்டில் வரைக்கும் அந்தப் பெயர்தான் நிறைந்திருக்கிறது. இன்னொரு நோன்பும் வந்து போய்விட்டது. அந்தப் பெயருக்கு உரியவரை நான் இன்னும் நேரில் கண்டதில்லை.