பேப்பரில் இல்லாத ஆடு

ஜெர்மனியின் லைப்சிக்கில் மாலை நான்கு மணிக்கு மகளை அழைக்கப் போனால், முதலில் என் கைக்கு வருவது ஒரு பை நிறையச் சேறு. சேற்றில் விளையாடுவதற்கென்றே இங்கே குழந்தைகளுக்கு ரப்பர் கால்சட்டை உண்டு, மாட்ஷ்ஹோஸ என்பார்கள். பாலர் பள்ளியைக் கிட்டா என்கிறார்கள். அங்கே ஆறு வயது வரை எழுத்து கற்றுக்கொடுப்பதில்லை. முதல் வாரம் ஆசிரியை அனெட்டிடம், நிலா இன்று என்ன படித்தாள் என்று கேட்டேன். வாய்க்கால் வெட்டினாள், தண்ணீர் நன்றாக ஓடியது என்றார். என் ஜெர்மன் சரியில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அதே வாய்க்காலை இன்னும் நிதானமாக விளக்கினார்.

கோலார் தங்கவயலில் நாலு வயதில் எங்களுக்கு சிலேட்டும் கைமுட்டியில் ஸ்கேல் அடியும் இருந்தன. எங்கள் வீட்டில் எழுத்து கண்ட முதல் ஆள் நான். அப்பா ஷிப்ட் முடித்து, சுரங்க ஷாஃப்ட்டிலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்து குளித்ததும், மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் தமிழ் பேப்பரை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் அத்தனை ஆண்கள் வாய் மூடி என்னைக் கேட்பார்கள். என் மதிப்பு அங்கேதான் தொடங்கியது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் வாய்க்கால் வெட்டும் மகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. தினமும் வீட்டில் எழுத்து அட்டைகளை விரித்தேன். தப்பாகச் சொன்னால் அடிக்கவில்லை, பேசாமல் இருந்தேன். அது அடியைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது.

சில மாதம் கழித்து அனெட் என்னை நிறுத்தினார். முன்பெல்லாம் நிலா படப் புத்தகத்தைப் பிரித்து மற்றப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாளாம். இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, தப்பாகச் சொல்லிவிடுவேன் என்கிறாளாம். வீட்டில் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார். "நிஷ்ட்ஸ்" என்றேன். ஒன்றுமில்லை.

இதற்குள் அப்பாவிடம் போனில், பேத்தி தமிழ் படிக்கிறாள் என்று பீற்றியிருந்தேன். ஊருக்குப் போகும் நாள் நெருங்கியது. அவளுக்கு நாலைந்து எழுத்துக்கு மேல் ஏறவில்லை. பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்யவைத்தேன். எந்தச் சொல்லுக்கு விரலை எங்கே நகர்த்துவது என்பதையும் பழக்கினேன். அப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்று அந்த எண்ணம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

பங்காருபேட்டையில் ரயில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே, அப்பா பழைய கூட்டாளிகள் மூன்று பேரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். நான் பாடப் புத்தகத்தை எடுக்க உள்ளே போவதற்குள் அவளிடம் அன்றைய பேப்பரைக் கொடுத்தார்.

"படி கண்ணு. உங்க அப்பன் இங்கதான் நின்னு படிப்பான்."

நிலா என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ மந்திரி ரிப்பன் வெட்டும் படத்துக்குக் கீழே விரலை வைத்து, ராகம் போட்டுச் சொன்னாள்: "ஆடு வந்தது. இலை தின்றது. அம்மா சிரித்தாள்." விரல் நான் பழக்கியபடியே நகர்ந்தது. அந்த மூவரில் ஐந்தாவது வரை படித்த சின்னப்பன் மாமா மட்டும் பேப்பரை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அப்பா கை தட்டினார்.

"இன்னாமா படிக்குது," என்றார் மாமா.

எல்லோரும் போன பிறகு அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏன்டா, ஆடு இலை துன்னதெல்லாமா பேப்பர்ல போட்றானுங்க?"

நான் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினேன்.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. நீ படிச்சா நம்பணும்னு தெரியும். இத்தினி வருசம் அப்டித்தான் கேட்டுக்கினு கீறேன். கொயந்தையைப் போயி பொய் சொல்ல வெச்சிக்கீறியே." கொஞ்சம் நிறுத்தி, "நீ சின்னதுல படிச்சதாவது பேப்பர்ல இருந்துச்சா?" என்றார்.

கிண்டலாகத்தான் கேட்டார். நான் தெரியாத சொற்களைத் தாண்டி, வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் படித்த நாட்கள் உண்டு. அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்ததும் அனெட்டிடம் ஒப்புக்கொண்டேன்: வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், அன்று பொய் சொன்னேன். எந்த மொழியில் என்று கேட்டார். தமிழ் என்றதும் முகம் மலர்ந்து, தாய்மொழியை விட்டுவிடாதீர்கள், எவ்வளவு அழகு என்று பாராட்டினார். திட்டு வாங்கக்கூட என்னிடம் போதுமான ஜெர்மன் இல்லை.

அட்டைகளை எடுத்துவைத்துவிட்டேன். உங்களில் யாராவது இங்கே பிள்ளை வளர்க்கிறவராக இருந்தால், இப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஞாயிறுகளில் நிலா தான் வரைந்த படத்தைப் போன் முன்னால் பிடிக்கிறாள். அப்பா கண்ணைச் சுருக்கி, "இது கேஜு, இது கீய எறங்கற தாத்தா," என்று படித்துச் சொல்கிறார். அவள் "நைன், இல்ல தாத்தா, அது ஒட்டகச்சிவிங்கி," என்று அவரைத் திருத்துகிறாள். தான் தப்பாகச் சொன்னதற்கு அவர் சிரிக்கிறார். அடுத்த படத்தைக் காட்டு என்கிறார். இரண்டு பேர் பேச்சும் முழுதாகப் புரிகிற ஒரே ஆள் நான், போனைப் பிடித்தபடி படத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.