பேர் சொல்லாத பொட்டல்

குற்றாலத்துக்குச் சீசனில் எல்லாரும் குளிக்கப் போவார்கள். நான் சண்டை பார்க்கப் போனேன். எனக்கு அப்போது சரித்திரப் பைத்தியம். பாளையக்காரர் ஆட்களும் கும்பினிச் சிப்பாய்களும் மோதிய பொட்டல் ஒன்று இலத்தூர்ப் பக்கம் இருக்கிறது என்று விடுதிச் சமையல்காரர் சொன்னதுதான் தாமதம், அப்பாவை அரித்தெடுத்துவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு போகாத தலைகளோடு அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி நால்வரும் குதிரைவண்டியில் ஏறினோம்.

பீரங்கியாவது கிடக்கும் என்று நினைத்திருந்தேன். கிடந்தது இடிந்த மண்சுவர், முட்புதர், சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு. மலையிலிருந்து இறங்கிய சாரல் எல்லாவற்றையும் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கூட வாயைத் திறக்காமல் கையைத் தட்டித்தான் ஆடுகளைத் திருப்பினாள்.

"இங்கன யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடாதிய," என்றாள் அம்மாவிடம் வந்து. "சண்டையில செத்தவனுவளுக்குத் தன் பேரு மறந்து போச்சு. காதுல விழுத பேர எடுத்துக்கிடுவானுவ. பொறவு அந்தப் பேருக்காரன் தங்க மாட்டான்."

"அப்ப எங்க ஆபீசு மேனேஜர் பேரச் சொல்லிட்டுப் போவட்டுமா?" என்றார் அப்பா.

"சிரிங்க, சிரிங்க. வெளியூர்க்காரவ மொதல்ல சிரிக்கத்தான் செய்யுதாவ."

நான் மண்சுவர்மேல் ஏறி, குதிரைப்படை எந்தப் பக்கம் வந்திருக்கும், பீரங்கி எங்கே நின்றிருக்கும் என்று கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் தம்பியைக் காணோம்.

"ஏட்டி, அவன் எங்க?" என்றாள் அம்மா.

சாரல் அடைத்துக்கொண்டது. கிணறு எந்தத் திசை என்றே தெரியவில்லை. அப்பா கையைத் தட்டிக்கொண்டே ஓடினார். சிரித்த அதே அப்பாதான். நாலு வயதுப் பிள்ளைக்குக் கைதட்டினால் என்ன புரியும்? விளையாட்டு என்று இன்னும் தள்ளிப் போவான். நான் அவன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். 

பிறகு அவளே கூப்பிட்டாள். தம்பி பேரை அல்ல.

"முருகையா! ஏலே முருகையா! அம்மா கூப்பிடுதேம்லே. உன் தம்பியக் கூட்டிட்டு வா!"

எங்கள் வீட்டில் மூத்தவள் நான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லை. ஆட்டுக்காரி கைதட்ட மறந்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் புகைபோன்ற அந்த வெள்ளைக்குள்ளிருந்து தம்பி வந்தான். முழங்கால்வரை ஈரச்சேறு. வலது கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான், உயரமான யாரோ விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி. எங்கள் பக்கத்தில் வந்ததும் அந்தக் கை தானாகக் கீழே இறங்கியது.

அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் பார்த்தது அவனை அல்ல, அவன் வந்த வழியை. அப்பா தோளைத் தொட்டு இழுக்கும்வரை நகரவில்லை.

"முருகையா யாரும்மா?" என்று வண்டியில் நச்சரித்தேன். அம்மா முந்தானையால் தம்பியின் காலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பா குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டதாக எனக்கு எண்ணம். பள்ளிக்கூடம் போன முதல் நாளே வகுப்பில் எழுந்து, அந்தச் சண்டையில் முருகையா என்று ஒரு வீரன் இருந்தான், பாடத்தில் விட்டுவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன்.

"உனக்கு யாருட்டி சொன்னா?" என்றார் டீச்சர்.

"எங்க அம்மாவுக்கு அவனத் தெரியும், டீச்சர்," என்றேன் பெருமையாக.